முள்ளிக்கரைக்கு வந்த கிரகம்

முள்ளிக்கரைக்குத் தெற்கே, பைபாஸ் சாலையின் கடைசி விளக்குக் கம்பத்தைத் தாண்டி, சீமைக் கருவேலம் மட்டுமே விளைந்து வேறெதற்கும் உதவாமல் கிடந்த பொட்டலில், ஒரு புதன்கிழமை விடிந்தபோது கருவேலமும் இல்லை, பொட்டலும் இல்லை, அவை இருந்த இடத்தில் செம்மண்ணைவிடச் சிவந்த மணலும், அதற்கு மேலே ஊதா நிற வானமும், அந்த வானத்தில் பட்டப்பகலில் இரண்டு நிலாக்களும் இருந்தன. காலையில் சொம்போடு அந்தப் பக்கம் ஒதுங்கியவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். மறைவுக்கு ஒரு செடிகூட மிச்சமில்லையே என்பதுதான் அவர்களுடைய முதல் கவலையாக இருந்தது.

அது எந்த நிலம் என்று ஊரில் ஒருவனுக்கு மட்டும் தெரிந்தது. பூமிநாதன் என்பது அவன் பெயர். வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விளையாடி, அவற்றைத் தமிழில் கிழித்துத் தொங்கவிட்டு, அந்தக் கிழிப்பை யூடியூபில் ஏற்றிப் பிழைப்பு நடத்துகிறவன். உலகத்தில் உருப்படியாக எதுவுமே செய்யப்படுவதில்லை என்பது அவனுடைய தீர்ந்த முடிவு, அதற்குச் சாட்சி தேடித்தான் தினமும் கம்ப்யூட்டரைத் திறந்தான். அந்தச் சிவப்பு மணல் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வெளியிட்ட விண்வெளி விளையாட்டில் வருகிற கிரகம். பெயரைச் சொன்னால் ஓசி விளம்பரம் ஆகிவிடும் என்று தன் வீடியோவிலேயே அவன் பெயர் சொல்லாமல் ‘அந்த வஸ்து’ என்றுதான் சொன்னான், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அந்த வஸ்துவில் விண்கலத்தை நம் இஷ்டத்துக்குப் பூட்டிக் கழற்றிக் கட்டிக்கொள்ளலாம், அது ஒன்று நன்றாக இருந்தது; பொழுது சாயும் நேரத்தில் மணல்மீது வெளிச்சம் விழும் விதம் நன்றாக இருந்தது, அதைச் செய்த ஆள் யாரோ அவன் கைக்குக் காப்பு போடலாம் என்று பூமிநாதனே சொல்லியிருக்கிறான், அவன் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வருவது ஆடி மாதத்தில் கல்யாணப் பத்திரிகை வருவது மாதிரி. மற்றபடி, எண்ணி மாளாத கிரகங்கள் என்று தம்பட்டம் அடித்துவிட்டு ஒரே கிரகத்தைச் சாயம் மாற்றி மாற்றிக் காட்டினார்கள் என்றும், குந்திய ஒட்டகம் போன்ற ஒரு பாறையைச் செய்துவிட்டு அதையே பிரபஞ்சம் பூராவும் இறைத்தார்கள் என்றும், நடக்கவிட்டார்கள், நடக்கவிட்டார்கள், கால் ஓய நடக்கவிட்டு அந்த நடையின் முடிவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைக் காட்டினார்கள் என்றும், அந்த நிலையத்துக்குள்ளே ஒரு மேசை இருந்தது, அந்த மேசையில் தலை கவிழ்ந்து ஒரு விஞ்ஞானி செத்துக் கிடந்தார் என்றும், அடுத்த நிலையத்திலும் அதே மேசை அதே பிணம், அதற்கடுத்த நிலையத்திலும் அதே மேசை அதே பிணம், பிணத்தின் முன்னால் கடித்து வைத்த ரொட்டித் துண்டுகூட மாறவில்லை என்றும் அவன் சீறினான். பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டான். அதிலும் இரண்டு அஸ்தமனத்துக்கு.

ஆகவே புதன்கிழமை காலையில் ஊரே திரண்டு மணலோரம் நின்றபோது, பூமிநாதன் பல் துலக்கிய பிரஷ்ஷோடு வந்து, தூரத்தில் குந்தியிருந்த ஒட்டகப் பாறையையும், அதற்கு அப்பால் குந்தியிருந்த இன்னொரு ஒட்டகப் பாறையையும் பார்த்து எச்சிலைத் துப்பினான்.

“இது மட்டமான கிரகம். வந்ததுதான் வந்துச்சு, இதுவா வரணும்?” என்றான்.

“மட்டமா இருந்தா என்னப்பா, சமமா இருக்குல்ல” என்றார் வார்டு கவுன்சிலர் ராசபூபதி, அவருக்கு நிலத்தைப் பார்த்ததும் மனசு வேறு பக்கம் ஓடிவிட்டது.

மறுநாளே மணலில் மஞ்சள் கல் நட்டுச் சிவப்புக் கொடி கட்டிவிட்டார்கள். ‘இரட்டை நிலா நகர்’ என்று பைபாஸில் பேனர் எழுந்தது. பேனரில் இரண்டு நிலாவுக்கும் நடுவே கவுன்சிலர் கும்பிட்டபடி நின்றார். ஆடு மேய்க்கிறவர்கள் அங்கே ஆடுகள் ஆள் உயரம் துள்ளுவதைக் கண்டு, துள்ளுகிற ஆட்டுக்கு இளைப்பு வருமே என்று கவலைப்பட்டு ஒவ்வொன்றின் காலிலும் கல் கட்டி ஓட்டிப்போனார்கள். இரண்டு நிலா இருக்கிற ஊரில் அமாவாசைத் தர்ப்பணத்தை எதை வைத்துக் கணக்கிடுவது என்று ஐயரிடம் கேட்டார்கள், ஐயர் பஞ்சாங்கத்தில் இல்லாத நிலா நிலாவே அல்ல என்று சொல்லிவிட்டார். பள்ளிவாசலில் பெருநாள் பிறை பற்றிக் கேட்ட இளைஞர்களிடம் ஹாஜியார், நம்ம நிலாவைப் பார்க்கவே வருஷா வருஷம் சண்டை, இன்னும் ரெண்டு எதற்கு என்று பேச்சை முடித்தார். மணல் தொடங்கும் இடத்தில் ஒரு வரவேற்பு இயந்திரம் நின்றது, அது போகிற வருகிற எல்லோரையும் பார்த்து, “பயணியே, உன் வருகைக்காகத்தான் இந்தப் பிரபஞ்சம் காத்திருந்தது” என்றது. அந்த விளையாட்டில் ஆங்கிலத்தில் சொன்னதை இங்கே தமிழிலேயே சொன்னது. ஆட்டைப் பார்த்தும் அதையே சொன்னது. அந்த ஒற்றை வாக்கியத்தைத்தான் பூமிநாதன் தன் வீடியோவில் பிரபஞ்சத்தின் மிகச் சோம்பேறித்தனமான வசனம் என்று காறித் துப்பியிருந்தான், ஆனால் எந்த அலுவலகத்திலும் எந்த ஜன்னலிலும் யாரும் தங்களை இப்படி வரவேற்றதில்லை என்பதால், முதியோர் பென்ஷனுக்கு அலைகிற கிழவர்கள் தினமும் சட்டை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்று கேட்டுவிட்டு வந்தார்கள்.

ஆராய்ச்சி நிலையத்துக் கதவில் கை வைத்தால் உடனே உள்ளே போக முடியாது. அந்த விளையாட்டில் திரை கறுத்து நம்மைக் காக்க வைக்கும், இங்கே கை வைத்த ஆள் கண்கூட இமைக்காமல் ஒரு டீ ஆறுகிற நேரம் விறைத்து நிற்பார், அப்புறம் உள்ளே இருப்பார். ரயில்வே கேட்டில் நின்றே பாதி ஆயுளைக் கழித்த சனத்துக்கு இது ஒரு பொருட்டாகவே படவில்லை. கதவருகே வேர்க்கடலை வண்டி வந்தது, பிறகு இளநீர் வந்தது, பிறகு விறைத்து நிற்பவரின் மேல் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற பழக்கமும் வந்துவிட்டது. பூமிநாதன் மாடியில் நின்று இதையெல்லாம் பார்த்து, அந்த வஸ்துவைச் செய்தவர்கள் முட்டாள்கள் என்று தான் நினைத்தது தவறு, அவர்கள் தங்களுக்கேற்ற சனத்தைத் தேடித்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினான்.

பிணத்தை முதலில் கண்டவர்கள் ஆடு மேய்க்கிறவர்கள்தான். நிலையத்துக்குள்ளே மேசையில் தலை கவிழ்ந்து, வெள்ளை விண்வெளி உடுப்பும், புகை படிந்த கண்ணாடி வைத்த ஹெல்மெட்டுமாக ஒருவர் செத்துக் கிடந்தார். போலீஸ் வந்தது, ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தது, கழலவில்லை, ரம்பம் வைத்து அறுத்துப் பார்த்தது, ரம்பத்தின் பல்தான் போயிற்று. எந்த ஊரோ எந்த நாடோ, ஆளில்லாச் சவத்தை அப்படியே போட்டு வைத்தால் ஊருக்கு ஆகாது என்று முள்ளிக்கரைச் சனம் தெருவுக்குத் தெரு வசூல் செய்து, கோடித்துணி போர்த்தி, கொட்டு அடித்து, சங்கு ஊதிப் புதைத்தார்கள். இரண்டு நாள் கழித்து அடுத்த நிலையத்தில் அதே உடுப்பில், அதே மேசையில், அதே ரொட்டிக்கு முன்னால் இன்னொருவர் கிடந்தார். அவரையும் புதைத்தார்கள், சங்கு இல்லாமல். மூன்றாமவரைக் கண்டபோது, ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளாக இருக்கும், பாவம், பெற்றவள் எங்கே இருக்கிறாளோ என்று பேசிக்கொண்டார்கள். பூமிநாதன் டீக்கடையில் வாயைத் திறந்தான்.

“அண்ணன் தம்பியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. ஒரே பொம்மையைச் செஞ்சு நகல் எடுத்துப் போட்டிருக்கான். சோம்பேறிப் பயலுக. ஹெல்மெட்டு ஏன் கழலலன்னா, உள்ள முகம் செய்யவே இல்ல. முகம் செய்ய வலிச்சிருக்கு அவனுகளுக்கு. உள்ள வெறும் காத்து.”

டீக்கடைக்காரர் காதர் மைதீன் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “முகம் இல்லேன்னா யாரோட முகம்னு வேணும்னாலும் வச்சுக்கலாம்ல?”

அவர் அதைச் சும்மாதான் கேட்டார். ஆனால் பெஞ்சின் ஓரத்தில் தூக்குவாளியோடு பால் வாங்க நின்ற மாரிக்கண்ணு அதைக் கேட்டாள். மாரிக்கண்ணுவின் புருஷன் மலேசியாவுக்குப் போய், முதல் வருஷம் கடிதம் போட்டு, இரண்டாம் வருஷம் பணம் மட்டும் போட்டு, மூன்றாம் வருஷத்திலிருந்து ஒன்றும் போடாதவன். அவள் பாலை மறந்து மணலில் நடந்து, கதவில் விறைத்து, உள்ளே போய், மேசையில் கவிழ்ந்து கிடந்த மூன்றாமவரை நெடுநேரம் பார்த்துவிட்டு, வெளியே நின்றவர்களிடம் சொன்னாள்:

“எங்க வீட்டு ஆளு இப்படித்தேன், சாப்பாட்டுக்கு முன்னாடியே கவுந்து தூங்கும்.”

யாரும் மறுக்கவில்லை. அவள் வீட்டு ஆளாகவே அவரைத் தூக்கிவந்து, முற்றத்தில் கிடத்தி, ஒப்பாரி வைத்து, வருஷக்கணக்கில் ஊறிக் கிடந்த அழுகையை ஒரே மத்தியானத்தில் அழுது தீர்த்து, சாயங்காலம் அடக்கம் செய்து, மறுநாள் காலையில் தெருக் குழாயில் சாதாரணமாகச் சண்டை போட்டாள். அவ்வளவுதான், ஊர் புரிந்துகொண்டது. முள்ளிக்கரையில் வானம் பார்த்த பூமியை நம்ப முடியாமல் அரபு நாட்டுக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள் வீட்டுக்கு ஒருவர், போனவர்களில் திரும்பாதவர்கள் தெருவுக்கு நாலு பேர், அவர்களுடைய பெண்டாட்டிகள் நெற்றியில் பொட்டு வைப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன்னால் நின்று யோசிக்கிறவர்கள். சிவப்பு மணலிலோ நிலையங்களுக்குக் குறைவில்லை, நிலையத்துக்கு ஒருவர் குறையாமல் இருந்தார். முகம் செய்யச் சோம்பல்பட்ட கம்பெனி பிணம் செய்வதில் தாராளமாக இருந்தது.

சொந்தமில்லாதவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்விடக்கூடாது என்று ஊர் கூடிப் பேசி ஒரு முறையை வகுத்தது. ஹெல்மெட்டுக்குள் பார்க்க முடியாததால், இறந்தவருடைய ரத்த உறவில் ஓர் ஆண், பாடையின் பக்கத்தில் நின்று, இது எங்களாள்தான் என்று சபையில் மூன்று தரம் சொல்ல வேண்டும், அவரே கொள்ளிக்குடம் சுமக்க வேண்டும். வாய்க்கரிசி போட வாய் கிடைக்காது என்பதால் கண்ணாடியின் மேல் போட்டால் போதும் என்றும் தீர்மானித்தார்கள். தீர்மானத்தைக் கேட்டுப் பூமிநாதன் அன்றைக்குக் கீழ் வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வாய்விட்டுச் சிரித்தான். சோறு போட்டுக்கொண்டிருந்த அவன் மதினி பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை.

அவனுக்குத் தாயும் தகப்பனும் இல்லை. அண்ணன் முனியசாமிதான் அவனைப் படிக்க வைத்தான், சவூதிக்குத் தண்ணி லாரி ஓட்டப் போனான், அங்கேயிருந்து அவனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பினான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மணல் புயலுக்குள் லாரியை ஓட்டிப் போனவன் திரும்பவில்லை. லாரி கிடைத்தது. ஆள் ஓடிப்போய்விட்டான் என்று கம்பெனி கைகழுவிவிட்டது. பாண்டிச்செல்விக்குப் பிள்ளை குட்டி இல்லை. அவள் கீழ் வீட்டில் தையல் மிஷின் மிதித்து, இரண்டு வேளை பொங்கி, மாடியில் உலகத்தைக் கிழித்துக்கொண்டிருந்த கொழுந்தனுக்குத் தட்டை மேலே எடுத்துப் போய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். திருப்பூரிலிருந்து அவளுடைய அக்கா, இங்கே வா, கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை இருக்கிறது, இன்னும் வயசு இருக்கிறது, ஒரு வாழ்க்கையைப் பார்க்கலாம் என்று கூப்பிடாத நாளில்லை. அவரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் எப்படி வருவது என்று பாண்டிச்செல்வி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“தம்பி, அந்த நெட்டை நிலையத்துல ஒருத்தரு கெடக்காரு. இன்னும் யாரும் கேக்கல. நாளைக்குப் போயி தூக்கியாந்துரலாம்னு இருக்கேன். நீ வந்து மூணு தரம் சொல்லணும்” என்றாள்.

பூமிநாதன் கையை உதறினான். “உங்களுக்குமா மதினி? ஊருதான் கிறுக்குப் பிடிச்சுத் திரியுது. அது அண்ணன் இல்ல. அது ஆளே இல்ல. ஒரு சோம்பேறி செஞ்ச பொம்மை. நான் அதுக்குக் குடம் தூக்கணுமா?”

“ஆமா.”

“நான் வாயத் தெறந்து இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல. நல்லா இல்லாதத நல்லா இருக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. அதனாலதான் நாலு பேரு நான் சொல்றதக் கேக்குறான்.”

“நாலு பேரு கேக்குறது இருக்கட்டும். நான் ஒருத்தி கேக்குறேன்ல.”

“மதினி, உள்ள ஒன்னுமே இல்ல. எனக்குத் தெரியும். இடது தோள் பக்கமா கன்னத்த வச்சு ஒரு மாதிரி குனிஞ்சா பார்வை கண்ணாடிக்குள்ள நழுவும், அது அந்த விளையாட்டுல ஒரு ஓட்டை. நானே எட்டிப் பார்த்திருக்கேன். இருட்டுகூட இல்ல உள்ள.”

பாண்டிச்செல்வி அகப்பையைக் கீழே வைத்தாள். “நாலு வருஷமா நான் ஒன்னுமில்லாததோடதான் குடும்பம் நடத்துறேன் தம்பி. எனக்கு அது ஒன்னும் புதுசில்ல.”

அவள் அவன் எதிரே உட்கார்ந்தாள், எப்போதும் உட்காராதவள்.

“அவரு செத்துட்டாருன்னு ஆனா நான் திருப்பூருக்குப் போயிருவேன். அதுதானே உன் பயம்? சோறு யாரு போடுவான்னு பாக்குற.”

“அப்படியெல்லாம் இல்ல” என்றான் பூமிநாதன். அப்படியும்தான் இருந்தது, அவனுக்கே அது தெரிந்ததால் கோபம் வந்தது. “பொய்க்குப் பொணம் தூக்குறது கேவலம். அவ்வளவுதான்.”

“சரி, நான் ஒன்னு கேக்குறேன். எல்லாம் ஒரே பொம்மைன்னு உனக்கு மொதல் நாளே தெரிஞ்சு போச்சில்ல?”

“முதல் மணி நேரத்துலயே தெரிஞ்சு போச்சு.”

“அப்ப ஏன் அந்த மழைக்காலம் பூராவும் உக்காந்து ஒவ்வொரு நிலையமாப் போயிப் போயி, ஒவ்வொருத்தரையும் குனிஞ்சு குனிஞ்சு உள்ள பாத்த? நான் தட்டு கொண்டாந்து வச்சிட்டுப் பின்னாடியே நிப்பேன், நீ திரும்பமாட்ட. சோறு ஆறிப் போயிரும். மணல்ல நடப்ப, கதவத் தெறப்ப, குனிவ. மறுபடி நடப்ப. யாரத் தேடின?”

முதல் நாலைந்து பேரை விமர்சனத்துக்காகப் பார்த்தேன் என்று அவன் சொல்ல வாயெடுத்தான். அது உண்மை. ஆனால் மிச்சமிருந்த அத்தனை பேரையும் அதற்காகப் பார்க்கவில்லை. மோசமான விளையாட்டு என்று தெரிந்தும், வீடியோ போட்டு முடித்தும், பார்க்கிறவர்கள் அடுத்த விளையாட்டுக்குப் போய்விட்ட பிறகும், அவன் ராத்திரி பகல் பாராமல் அந்தச் சிவப்பு மணலில் நடந்தான். எங்காவது ஒன்றில் ஒரு முகம் இருந்துவிடும் என்று நடந்தான். தன்னைப் பற்றி இதுவரை தெரியாத ஒன்றை இன்னொருவர் வாயால் கேட்கிறவன் எப்படி உட்கார்ந்திருப்பானோ அப்படி, கை காய்ந்து போகும் வரை தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

காலையில் பாண்டிச்செல்வி அவனைக் கூப்பிடவில்லை. நாலு ஆட்களை வைத்து நெட்டை நிலையத்திலிருந்து அவளே தூக்கி வரச் செய்து, குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து, பாடை கட்டி, சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு, பெண்கள் வரக்கூடாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேரைத் திரும்பியும் பார்க்காமல் பின்னாலேயே நடந்தாள். ஊர் அந்த விதியை முன்பே தளர்த்தியிருந்தது. கிரகமே வந்திருக்கும்போது இது என்ன பெரிய விஷயம் என்று விட்டுவிட்டார்கள். சுடுகாட்டில் அவளுக்கு முன்னும் பின்னும் பாடைகள் இருந்தன, கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருப்பது போலச் சனம் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தது. கவுன்சிலர் ராசபூபதி ஒவ்வொரு அடக்கத்துக்கும் ஒரு மாலையோடும் ஒரு போட்டோக்காரரோடும் நின்றார்.

“ரத்த சம்பந்தத்துல ஆம்பள யாரும்மா?” என்று கேட்டார்.

“வருவாரு” என்றாள் பாண்டிச்செல்வி.

நேரம் போயிற்று. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கவுன்சிலர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆள் வரவில்லையென்றால் அடுத்தவருக்கு வழி விடு தாயி, முறை என்றால் முறை என்றார். அவள் நகரவில்லை. அப்போதுதான் சுடுகாட்டு வாசலில் பூமிநாதன் தெரிந்தான். சட்டையில்லாமல், ஈர வேட்டிமேல் இடுப்பில் கட்டிய துண்டோடு, தோளில் மண் குடத்தோடு வந்தான். அவன் முகத்தில் வழக்கமான இளக்காரம் அப்படியேதான் இருந்தது, எடுத்துப்போட நேரம் கிடைக்காதவன் மாதிரி.

“அண்ணன்தான்” என்று தூரத்திலிருந்தே எரிச்சலோடு சொன்னான். “எங்கண்ணன்தான். எங்கண்ணன் முனியசாமிதான். போதுமா? மூணு தரம் ஆச்சு.”

சபை ஏற்றுக்கொண்டது. வெட்டியான் குழியில் இறங்கினான். பூமிநாதன் குடத்தை இறக்கி வைத்தபோது பாண்டிச்செல்வி மெதுவாகக் கேட்டாள்.

“பாக்காமயே சொல்ற. குனிஞ்சு பாத்துச் சொல்லு தம்பி. உனக்குத்தான் தெரியுமே.”

“மதினி...”

“பாத்துச் சொல்லு.”

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. பூமிநாதன் முழங்காலிட்டு, செத்தவரின் இடது தோளின் மேல் கன்னத்தை வைத்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான். பார்வை நழுவிக் கண்ணாடிக்குள் போயிற்று. உள்ளே இருட்டுகூட இல்லை. ஹெல்மெட்டின் மறுபக்கம் வழியாகப் பாடையின் மூங்கிலும், மூங்கிலுக்கு அடியில் ஊர்ந்த ஓர் எறும்பும் தெரிந்தன. அவன் அப்படியே கிடந்தான்.

“முகம் எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

இதற்கு முன்னால் அங்கே யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

“இடது புருவத்துல தழும்பு இருக்கு” என்றான் பூமிநாதன். “கிணத்துப் படியில விழுந்தது. என்னத் தூக்கிக்கிட்டு எறங்கினப்ப விழுந்தது.” அவன் குரல் கண்ணாடிமேல் பட்டுக் கரகரத்தது. “மீசை ஒரு பக்கம் ஏறி இருக்கு. எப்பவும் போல ஒழுங்கா வெட்டல. முன்பல்லு தெரியுது. வாய் லேசாத் தெறந்திருக்கு.”

“வலிச்ச மாதிரி இருக்கா?”

“இல்ல. தூங்குற மாதிரியும் இல்ல. யாரையோ கூப்பிட வந்த மாதிரி இருக்கு.”

“மெலிஞ்சிருக்காரா?”

“கொஞ்சம். வெயில் குடிச்சிருக்கு.” பிறகு, ஏற்கெனவே தெரிந்ததை ஒப்பிக்கிறவன் மாதிரி இல்லாமல், அப்போதுதான் கண்ணில் பட்டதைச் சொல்கிறவன் மாதிரி மெதுவாகச் சொன்னான்: “காதோரம் நரைச்சிருச்சு மதினி.”

“நரைச்சிருச்சா” என்றாள் பாண்டிச்செல்வி.

அவள் தன் புருஷனைக் கறுப்பு முடியோடு பஸ் ஏற்றி அனுப்பியவள், நாலு வருஷமாக அதே கறுப்பு முடியோடு அவனை நினைத்துக்கொண்டிருந்தவள். நரைத்துவிட்டது என்று கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது, வந்து நிற்கவில்லை. பெண்கள் நாலு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பூமிநாதன் எழுந்திருக்காமல் அந்தத் தோளின் மேலேயே முகத்தை வைத்து அழுதான். தான் அழுவது மட்டமான ஒரு கம்பெனியின் மட்டமான ஒரு பொம்மையின் மேல் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் அழுதான், அண்ணன் செத்துவிட்டான் என்று இந்த நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்குத் தெரிந்தது. பிறகு கண்ணாடியின் மேல் வாய்க்கரிசி போட்டார்கள், அவன் குடத்தைச் சுமந்து மூன்று சுற்று வந்து உடைத்தான், மண்ணைத் தள்ளினார்கள். பாண்டிச்செல்வி பம்ப் செட்டில் தலை முழுகிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள், சாயங்காலத் திருப்பூர் பஸ்ஸுக்குத் துணி அடுக்க வேண்டியிருந்தது. போகிறபோது அவன் தலையை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனாள்.

பூமிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அடுத்த பாடையின் பக்கத்தில் நின்றிருந்த சண்முகக்கனி அவன் வழியை மறித்தாள். அவள் புருஷன் பினாங்குக்குப் போனபோது பூமிநாதன் பிறந்திருக்கவே இல்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பாடைகள் இருந்தன, மூன்றின் பக்கத்திலும் பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“தம்பி, எங்க ஆளையும் சித்த பாத்துச் சொல்லிட்டுப் போ” என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தான். இந்த ஊரைப் போல அறிவுகெட்ட ஊர் எந்தக் கிரகத்திலும் இருக்காது என்று அவனுக்குத் தோன்றியது. அவன் முழங்கால் போட்டு, அந்த இடது தோளின் மேல் கன்னத்தை வைத்தான். பிறகு தலையை நிமிர்த்தி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான்:

“அத்தே, மாமாவுக்கு இப்ப என்ன வயசு இருக்கும்?”